பவுசியாவின் நட்சத்திரங்கள் ஏன் சிவந்தன

பவுசியாவுக்குக் கோபம் வந்தால் கோட்டைப்பட்டினம் ஐஸ் கம்பெனியில் கட்டி பிடிக்காது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான். அவள் ஜெராக்ஸ் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவன் என்ற முறையில் அந்த வெக்கையை தினமும் வாங்குகிறவன் நான். பாதி நாள் அடுப்பே பற்றவைக்க வேண்டாம். பாய்லரை அவள் கடைப் பக்கம் திருப்பி வைத்தால் போதும்.

பிறந்தது மீமிசல். பிறந்த குழந்தை அழும் என்பார்கள். இது பிரசவம் பார்த்த நர்சை அதட்டியதாகக் கேள்வி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கணக்கைத் தப்பாகப் போட்டால் எழுந்து நிற்குமாம். சரியாகப் போட்டாலும், ஏன் இவ்வளவு மெதுவாகப் போடுகிறீர்கள் என்று எழுந்து நிற்குமாம். பௌதிகம் படித்தது. பட்டம் வாங்கிய கையோடு நிக்காஹ் ஆகி எங்கள் ஊருக்கு வந்தது. மாப்பிள்ளை ஹாஜா முகைதீன், போட் எஞ்சின் மெக்கானிக். அவனைப் போல சாதுவான மனுஷன் இந்தக் கடற்கரையில் கிடையாது. கொசு கடித்தால், "வயிறு நெறஞ்சுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டுவான்.

அவன் கொஞ்ச காலம் குவைத்தில் இருந்தான். குவைத்திலிருந்து வருகிறவன் கம்பளி கொண்டுவருவான், சென்ட் பாட்டில் கொண்டுவருவான். இவன் ஒரு தொலைநோக்கியைக் கொண்டுவந்தான். பொண்டாட்டி போனில் ஒரே ஒரு தடவை ஆசைப்பட்டுச் சொன்னதாம். பெட்டியைப் பிரித்த அன்று தெருவே கூடிவிட்டது. அதை வைத்துக் கடலுக்கு அந்தப் பக்கம் என்ன குழம்பு வைக்கிறார்கள் என்று பார்க்கலாம் என நான்தான் சொன்னேன். பவுசியா என்னைப் பார்த்த பார்வையில் என் புருவம் கருகிவிட்டது. இன்னும் சரியாக முளைக்கவில்லை.

அந்தத் தொலைநோக்கியை மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு நிரந்தரமாக நிறுத்தி, பின்னால் ஒரு கேமராவை முறுக்கி வைத்தார்கள். திருச்சியில் ஒரு கல்லூரியில் ரெங்கராஜ் என்று ஒரு வாத்தியார். ஊர் ஊருக்கு இப்படி மாடியில் தொலைநோக்கி வைத்திருக்கிறவர்களை இணையத்தில் சேர்த்து ஒரு குழு வைத்திருக்கிறார். தெற்கு வானத்தை எல்லையம்மன் கோயில் பொங்கல் மாதிரி பங்கு போட்டு ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்துவிடுவார். அவரவர் துண்டில் இருக்கும் ஒவ்வொரு நட்சத்திரமும் எவ்வளவு பிரகாசம், என்ன நிறம் என்று அளந்து கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நட்சத்திரப் பட்டியல் வரும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். துண்டுக்கு நேரே அளந்தவர் பெயர் இருக்கும்.

இதில் நிறத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை. நீலக் கண்ணாடி வழியாக ஒரு படம், மஞ்சள் கண்ணாடி வழியாக ஒரு படம். இரண்டிலும் அந்த நட்சத்திரம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நிறம். நீலத்தில் தூக்கலாக இருந்தால் கொதிக்கிற நட்சத்திரம். நீலம் பின்தங்கினால் சிவப்பு, அதாவது சூடு குறைந்தது. மனுஷருக்குத்தான் கோபத்தில் முகம் சிவக்கும். வானத்தில் சிவப்பாக இருப்பது ஆறிப்போன கேஸ். அந்தக் கணக்குப்படி பவுசியா நீலத்திலும் நீலம்.

இரண்டு வருஷமாக அந்தப் பெண் தன் துண்டு வானத்தை அளந்துகொண்டிருந்தது. பகலில் கடையில் ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல். கூட்டம் குறைந்தால் லேப்டாப்பைத் திறந்து நட்சத்திரம். ஊரில் கிண்டலுக்குக் குறைச்சலில்லை. "என்ன லாத்தா, வானத்துக்கு ஜெராக்ஸ் எடுக்குறீங்களாமே, பக்கத்துக்கு எவ்வளவு?" என்று அக்கா முறை வைத்தே கேட்பார்கள். அந்தப் பெண்ணும் திருப்பிக் கொடுக்கும். ஆனால் அந்தப் பட்டியலில் தன் துண்டு தன் பெயரில் வரப்போகிறது என்பதில் அதற்கு இருந்த ஆசை கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளைக்குப் பெயர் வைக்கிற விசேஷத்துக்குக்கூட ஊரில் யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை.

பட்டியலை மூடப்போகிற மாதத்தில் ரெங்கராஜ் சார் போனில் கூப்பிட்டார், பவுசியா ஸ்பீக்கரில் போட்டிருந்தது. நான் டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கிளாஸ் வாங்கப் போகிற சாக்கில் நின்றேன்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பொங்கலுக்கு அப்புறம் நீங்க அனுப்புனதுல நட்சத்திரமெல்லாம் சிவப்பா வருது."

"சிவப்பா இருந்தா சிவப்பாத்தானே சார் வரும்?"

"இல்ல மேடம். நிறம் ஏற்கெனவே தெரிஞ்ச நட்சத்திரம் சிலது உங்க துண்டுல இருக்குல்ல? அதுவும் சிவப்பா வருது. அளவு தரமா இல்ல. ஞாயித்துக்கிழமை எல்லாரும் மீட்டிங்ல உக்காந்து முடிவு பண்ணுவோம். சரியாகலைன்னா ஒங்க துண்டை பொன்னமராவதி எழிலரசன் எடுத்துச் செய்யட்டும்."

போன் வைத்த பிறகு அரைக் கிளாஸ் டீ அப்படியே கொதித்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நம்பாமலே கேளுங்கள்.

"தரமா இல்லையாம்! ரெண்டு வருசமா நான் இங்கிட்டு தூக்கத்தை வித்துட்டு ஒக்காந்திருக்கேன், பொன்னமராவதியில ஒருத்தன் வந்து எலையைப் போட்டு சாப்புடுவானாம்! யாரு அவன், எழிலரசன்? எந்த ஊரு ராசா?"

"பேர்லயே அரசன் இருக்கே லாத்தா" என்றேன். பேப்பர் வெயிட் பறந்து வந்தது. குனிந்தேன். நாடார் கடைச் சோடா பாட்டில் தியாகியானது.

கோபத்தில் எல்லோருக்கும் மூளை வேலை செய்யாது. பவுசியாவுக்குச் செய்யும், ஆனால் ஒரே திசையில், பிரேக் இல்லாத மீன் லாரி மாதிரி. பொங்கலுக்கு அப்புறம் ஊரில் புதிதாக என்ன வந்தது என்று யோசித்தது. வந்தது ஒன்று உண்டு. மீன் இறங்குதளத்தில் படகுக்காரர் சங்கம் புது லைட் போட்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் இறாலுக்கு மீசை எத்தனை என்று பருந்தே எண்ணலாம். வானத்தைப் பார்த்து அது எரிந்தால் நட்சத்திரம் சிவக்காமல் என்ன செய்யும்? கடையைப் பூட்டக்கூட இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டது. கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாலும் வேடிக்கை பார்க்கவும் ஆள் வேண்டும் இல்லையா? நானும் பின்னால் போனேன்.

சங்கத்துச் செயலாளர் சாதிக் பாட்சா அப்போதுதான் ஒரு கூடை சூடை மீனைக் கையால் அளைந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாதிக் மாமா! அந்த லைட்டை அவிப்பீங்களா, கல்லால அடிக்கணுமா?"

"வாம்மா பவுசியா. மொதல்ல ஒரு வணக்கம், ஒரு சலாம், அப்புறம் கல்லு."

"அஸ்ஸலாமு அலைக்கும். லைட்டை அவிங்க."

"வ அலைக்கும் ஸலாம். அவிக்க முடியாது. இருட்டுல மீனுன்னு நெனச்சு கடல்பாம்பைக் கூடையில போட்டா நீயா திம்பே?"

"கீழ போற வெளிச்சம் மீனுக்கு. மேல போற வெளிச்சம் யாருக்கு மாமா? வானத்துல இருக்குற மலக்குகளுக்கா? என் நட்சத்திரமெல்லாம் சிவந்து போச்சு! ரெண்டு வருச ஒழைப்பு! ஒங்க லைட்டால என் துண்டை இன்னொருத்தனுக்குத் தூக்கிக் குடுக்கப் போறாங்க!"

மீன் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். பூனைகள்கூட மீனை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தன. சாதிக் பாட்சா சாவகாசமாகக் கையைக் கழுவினார்.

"ஏம்மா, விசைப்படகு கரைக்கு வர்ற நாள்லதானே லைட்டு. நாட்டுப்படகு நாள்ல நாங்க சுவிட்சையே தொடுறதில்ல. அன்னைக்கு ஒன் நட்சத்திரம் என்ன கலரு?"

எங்கள் கடலில் விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே நாளில் போகாது. வலை அறுந்து மண்டை உடையும் என்று வாரத்தை நாள் நாளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குள் இருக்கிற ஏற்பாடு. பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பவுசியாவுக்கும் தெரியும். ஆனால் கோபத்தில் அந்தப் பெண் விசைப்படகு நாளில் எடுத்த படங்களை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறது.

பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்கிறவன் மேல் வருகிற கோபம் இருக்கிறதே, அது தனி ரகம்.

"பாத்துட்டு வந்து பேசிக்கிறேன். அன்னைக்கு மட்டும் நட்சத்திரம் நல்லா இருந்தா லைட்டுக்கு இருக்கு!" என்று சொல்லிவிட்டுத் திரும்பியது.

"செவப்பா இருந்தா?" என்று அவர் பின்னாலிருந்து கேட்டார்.

"இருந்தாலும் மேல வெளிச்சம் போறது தப்புதான்!"

கடைக்கு வந்து நாட்டுப்படகு நாள் படங்களை எடுத்து அளந்தது. அன்றைக்கும் சிவப்பு. கொஞ்சமும் குறையாத சிவப்பு. லைட்டின் மேல் குற்றமில்லை. அந்த நேரத்தில் நகல் எடுக்க வந்தவர்கள் வாசலோடு திரும்பிவிட்டார்கள். ஒருவர் மீமிசல் போய் எடுத்துக்கொண்டதாகக் கேள்வி.

மத்தியானம் சாப்பிட வந்த ஹாஜா, பெண்டாட்டி முகத்தைப் பார்த்து, தானாக ஒரு முடிவுக்கு வந்திருக்கிறான். மாடியில் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டு பவுசியா ஓடியது. சத்தம் எனக்கே கேட்டது, கடைசிப் படி வரை நானும் ஏறிவிட்டேன். ஹாஜா தகரக் கொட்டகைக்குள் ஸ்க்ரூ டிரைவரும் கிரீஸ் டப்பாவுமாக உட்கார்ந்திருந்தான்.

"மச்சான்! கைய எடுங்க!"

"உப்புக் காத்து பவுசி. உள்ள துரு புடிச்சிருக்கும். கழட்டித் தொடைச்சு ஒரு கோட்டிங் குடுத்தா எஞ்சின் மாதிரி..."

"கேமரா ஒரு நூலு அசைஞ்சாலும் பழைய படமெல்லாம் குப்பை! எந்திரிங்க!"

ஹாஜா கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான், துப்பாக்கியைக் கண்டவன் மாதிரி.

அது ஏன் என்று சொல்லிவிடுகிறேன். மீனை நிறுப்பதற்கு முன்னால் வெறும் தட்டை நிறுத்துப் பார்க்கிறோம் இல்லையா? அதே சமாச்சாரம்தான். தொலைநோக்கியில் நடுவில் வெளிச்சம் தூக்கல், ஓரத்தில் மங்கல், அங்கங்கே தூசி. அதனால் தினமும் ஒரு வெறும் வெள்ளையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, எங்கே எவ்வளவு மங்கல் என்று பார்த்து, நட்சத்திரப் படத்தில் அந்தக் குறையை ஈடுகட்ட வேண்டும். கேமராவைக் கழற்றி மாட்டினால் தூசி இடம் மாறிவிடும். அப்புறம் பழைய படத்துக்குப் புதுத் தட்டு பொருந்தாது.

வெறும் வெள்ளைக்கு அந்தி வானம்தான் உசத்தி என்று பாடத்தில் சொல்லியிருந்தார்களாம். எங்கள் ஊரில் அந்தி என்றால் மஃரிப் தொழுகை. வானம் அந்தப் பதத்தில் நிற்பதோ ஒரு டீ ஆறுகிற நேரம்தான். விடியலில் எடுக்கலாம் என்றால் அப்போதுதான் குழாயில் தண்ணீர் வரும். அதனால் பவுசியா சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு, வெயில் படாத நேரமாகப் பார்த்து, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஹாஜாவின் பழைய வெள்ளைக் கைலியை மூட்டுப் பிரித்து விறைப்பாகக் கட்டும். தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்பிப் படம் எடுக்கும். ரெங்கராஜ் சாரும் அதற்குச் சரி என்றிருந்தார்.

ஹாஜாவைத் துரத்திவிட்டு பவுசியா அங்கேயே தரையில் லேப்டாப்போடு உட்கார்ந்தது. நிறம் தெரிந்த நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. எல்லாம் சிவக்கவில்லை. படத்தின் ஒரு பக்கத்தில் சரியாக இருந்தது. மறுபக்கம் போகப் போகச் சிவப்பு ஏறிக்கொண்டே போனது. பெருநாள் மருதாணி மாதிரி, நுனியில் அடர்த்தி.

தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தது. முந்தின நாள் கட்டிய கைலி அங்கேயே இருந்தது. வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது.

கைலியின் ஒரு பக்கம் வெள்ளை. மறுபக்கம் கடல் நீலம்.

"மச்சான்." சத்தம் வராமல் கூப்பிட்டது. அதுதான் பயமாக இருந்தது. "இதைத் தொவச்சீங்களா?"

"ஆமா." ஹாஜா சந்தோஷமாக மேலே வந்தான். "பொங்கல் லீவுல. பழுப்பா இருக்கு, வெள்ளையாவே இல்லைன்னு நீ பொலம்புனியே. சயின்ஸுக்குல்ல, நம்ம ஜும்மா சட்டையை விட வெளுப்பா இருக்கட்டுமேன்னு நீலம் ரெண்டு மடங்கு ஊத்தி முக்கிக் காயப்போட்டேன். அதுக்கப்புறம் வாராவாரம் நாந்தான் முக்குறேன். நீ கவனிக்கவே இல்ல."

வெள்ளைத் துணிக்கு நீலம் போடாத வீடு இந்தக் கடற்கரையில் எது? ஹாஜாவின் வெள்ளிக்கிழமைக் கைலியைப் பார்த்துவிட்டு மேகம் என்று மயில் ஆடியதாக நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். ஈரத்தோடு கொடியில் தொங்கினால் நீலம் வடிந்து ஒரு ஓரத்தில் தேங்கும். அந்த ஓரத்தில் மஞ்சள் கண்ணாடிக்கு வெளிச்சம் குறைவாகக் கிடைக்கும். கம்ப்யூட்டருக்குத் துணியைத் தெரியுமா, நீலத்தைத் தெரியுமா? அந்தப் பக்கம் கண்ணாடி மங்கல் என்று நினைத்துக்கொண்டு, அங்கே இருக்கிற நட்சத்திரத்துக்கெல்லாம் மஞ்சளை அள்ளிக் கொடுத்தது. நீலம் பின்தங்கியது. சிவப்பு.

"பழுப்புன்னா பழுப்பாவே விட வேண்டியதுதானே! ஒரே பழுப்பா இருந்துச்சே, அதான் மச்சான் வேணும்! வெளுப்பா கேட்டேன்? ஒரே மாதிரி இருக்கணும், அவ்வளவுதான்! ஏழு கடல் தாண்டிப் போயி சம்பாரிச்ச மனுசனுக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தெரியாதா?"

"வெள்ளையா இல்லைன்னு நீதானே..."

"நான் ஆயிரம் சொல்லுவேன்!"

ஹாஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்துப் பவுசியாவுக்கு இன்னும் கோபம். அழுகிறவனை மேற்கொண்டு திட்ட முடியாது இல்லையா, அந்தக் கோபம். கைலியைச் சுவரிலிருந்து உரித்துச் சுருட்டி என் மேல் எறிந்தது. "ஒங்களுக்கு இங்க என்ன வேலை?" என்றது. நியாயமான கேள்விதான். இறங்கிவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் பவுசியா மாடி ஏறியது. கீழே குழாயடியில் பெண்களுக்கு நடுவில் ஹாஜா குடத்தோடு வரிசையில் நின்றான். "என்ன ஹாஜா அண்ணே, நட்சத்திரத்துக்குத் தண்ணியா?" என்று கேட்கக் கேட்கக் குடத்தை ஒரு அடி முன்னால் நகர்த்தினான். மேலே வெளுத்துக்கொண்டிருந்த வானத்தை, நீலக் கண்ணாடியிலும் மஞ்சள் கண்ணாடியிலும் பவுசியா படம் எடுத்தது. அசைக்காத கேமரா, அதே தூசி, புதுத் தட்டு. பொங்கலிலிருந்து எடுத்ததையெல்லாம் அதை வைத்துத் திரும்ப அளந்தது. சனிக்கிழமை மாலை அந்தப் பெண் லேப்டாப்பை மேசையில் ஓங்கி வைத்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சரியாகிவிட்டது. சந்தோஷம் வந்தாலும் இவளுக்கு ஓங்கி வைக்கத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கைக் கடையிலேயே போட்டது. திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். ஒரு கட்டத்தில் மட்டும் முகம் இல்லை, எழிலரசன் என்று பெயர் மட்டும். பவுசியா அந்தக் கட்டத்தை முறைத்துக்கொண்டேதான் நடந்ததைச் சொன்னது. துணி, நீலம், ஒன்றையும் மறைக்கவில்லை.

ரெங்கராஜ் சார் சிரித்துவிட்டார். கெட்ட மனுஷன் இல்லை, சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிச்சு முடிச்சாச்சுன்னா சொல்லுங்க சார், மேற்கொண்டு பேசுறேன்."

"சாரி மேடம். கண்டுபுடிச்சது பெரிய விஷயம். ஆனா ஒருதடவை பெசகிப்போச்சுல்ல? பட்டியலை மூடப்போற நேரம். பேசாம பிரகாசத்தை ஒங்களது எடுத்துக்குவோம், நிறத்தை மட்டும் எழிலரசன்..."

"மீனை நான் புடிக்கிறது, தலை எனக்கு, நடுத்துண்டு அவருக்கா? பெசகுனதை நானேதானே சொன்னேன்? சொல்லாம இருந்தா ஒங்களுக்குத் தெரியுமா? நிறம் தெரிஞ்ச நட்சத்திரம் அங்க இருக்கு. புது அளவை அனுப்பியிருக்கேன். தொறங்க. இப்பவே. எல்லார் முன்னாடியும் பாருங்க."

அவர் திறந்து பார்த்தார். நேரம் ஆனது. திரையில் ஒருவர் முறுக்கு தின்பதை நிறுத்திவிட்டார்.

"ஒத்து வருது மேடம்" என்றார் கடைசியில். "ஓரத்துலயும் ஒத்து வருது."

அப்போது முகம் இல்லாத கட்டத்திலிருந்து ஒரு குரல். "சார், நான் எழிலரசன். எனக்கு அந்தத் துண்டு வேணாங்க. நான் கேக்கவே இல்ல. என் துண்டே இன்னும் பாதி கெடக்கு."

பவுசியா நிமிர்ந்து உட்கார்ந்தது. "கேக்கலையா? இதை மொதல்லயே வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன? நான் இந்த வாரம் பூரா ஒங்களைத் திட்டிக்கிட்டு இருக்கேன்!"

"எனக்குத் தெரியாதுங்களே."

"பொன்னமராவதிக்குக் கேட்டிருக்கணுமே!" என்று நான் எட்டிப் பார்த்துச் சொன்னேன். பவுசியா என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. கண்ணாடிக் கதவு. எல்லாம் கேட்டது.

"சரி மேடம், துண்டு ஒங்க பேர்லயே வருது" என்றார் ரெங்கராஜ் சார். "அடிக்குறிப்புல மட்டும், கருவிப் பிழை சரிசெய்யப்பட்டதுன்னு ஒரு வரி போட்டுருவோம்."

பெயர் கிடைத்துவிட்டது. நாமாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு போனை வைத்து, ஊருக்கு ஜாமூன் கொடுத்திருப்போம்.

"கருவி என்ன சார் பிழை பண்ணுச்சு? அது பாவம், பாத்ததைச் சொல்லுச்சு. துணியில நீலம் இருந்துச்சுன்னு போடுங்க."

"மேடம், உலகம் பூரா படிப்பாங்க. நீலம், கைலின்னு எப்படி..."

"உலகத்துல துணி தொவைக்கிறதில்லையா? நாளைக்கு இன்னொருத்தி மாடியில வெள்ளையைக் கட்டிட்டு, நட்சத்திரம் ஏன் செவக்குதுன்னு தெரியாம அவ ஊரு லைட்டுக்காரனோட போயி சண்டை போடணுமா? எழுதுங்க சார். எழுதலைன்னா என் பேரையும் எடுத்துருங்க."

நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன். நிஜமாகத்தான் சொன்னது. இரண்டு வருஷம் காத்திருந்த பெயரைப் பந்தயத்தில் வைத்துவிட்டது. ரெங்கராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. அவர் வாசித்துக் காட்டினார். நீலம் அதில் இருந்தது. கைலி திரைத்துணி ஆகியிருந்தது. பவுசியா, "அது பரவாயில்ல" என்றது.

எல்லோரும் கிளம்பப் போகிற நேரம். முகம் இல்லாத கட்டம் மெல்லச் செருமியது.

"மேடம்... எங்க ஆத்தாவும் வேட்டிக்கு நீலம் போடுவாங்க. அந்த வேட்டியைத்தான் நானும் மாடிச் சுவத்துல கட்டிப் படம் எடுக்குறேன்."

"அப்புறம் ஏன் இன்னும் இங்க ஒக்காந்திருக்கீங்க?" பவுசியா போட்ட சத்தத்தில் கண்ணாடிக் கதவு அதிர்ந்து என் மூக்கில் இடித்தது. "போங்க, மொட்டை மாடிக்குப் போயி வெயில்ல விரிச்சுப் பாருங்க! கேமராவை மட்டும் தொட்டுறாதீங்க!"